தகர டப்பாவுக்குள் ஒரு சமவெளி

சென்னிமலைப் படங்கள் பெரும்பாலும் கீழே நின்று மேலே பார்த்து எடுத்தவை. காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், மினி பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே என எங்கே பார்த்தாலும் அடிவாரம், படிக்கட்டு, கோபுரம், அதற்கும் மேல் வேலோடு முருகன். 1320 படி ஏறி மேலே போனவர்களும் வெளியே தெரிகிற ஊருக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைத்தான் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த மலை நாள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ அதை யாரும் எடுப்பதில்லை. ரசனை இல்லாமல் இல்லை. எடுத்துப் பார்த்து, ஒன்றும் விழவில்லை என்று விட்டுவிட்டவர்கள்தான் அதிகம்.

கொங்குச் சமவெளியின் குணம் அப்படி. நடுவில் நிறுத்திவைக்க அதில் ஒன்றுமே இல்லை. கடல்மட்டத்திலிருந்து 1740 அடி என்று சொல்லப்படும் இந்தத் தனிமலையின் மேல் நின்றால் வடக்கே பெருந்துறை, அங்கே சிப்காட்டின் புகைபோக்கிகள். வடகிழக்கே ஈரோடு. மேற்கிலும் தென்மேற்கிலும் நொய்யல் போகும் வழி, கொடுமணல், ஒரத்துப்பாளையம் அணை. தெற்கே காங்கயம், சிவன்மலை, கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள். வடக்கில் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிறது. பவானிசாகரில் புறப்பட்டு ஏறத்தாழ 200 கி.மீ. ஓடும் அந்த வாய்க்கால், 1950களில் இந்த நிலத்தை இரண்டாகப் பிரித்தது. ஒருபுறம் தண்ணீர் பாயும் காடு, மறுபுறம் மழையை நம்பிய காடு. சம்பந்தம் கலப்பது முதல் கடன் கிடைப்பது வரை இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து எத்தனையோ நடந்திருக்கிறது. செல்போனின் சாதாரண லென்ஸ் கிடைமட்டத்தில் 70 பாகைக்குள்தான் பார்க்கும். அதில் ஒருபுறம் விழுந்தால் மறுபுறம் விழாது. ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு தோட்டம் என்றுதான் படம் இருக்கும். இங்கே விஷயமே அகலத்தில் இருக்கிறது.

அகலத்தை எடுக்கவே செய்த கருவிகள் உண்டு. 1904இல் வந்த சர்க்யூட் கேமரா, கடிகாரப் பொறியைப்போல் தானே சுழன்று, நீளமான பிலிமைப் பின்னால் இழுத்துக்கொண்டே படமெடுக்கும். பள்ளிக்கூட, ராணுவ குரூப் போட்டோக்களில் நூற்றுக்கணக்கான தலைகளை வரிசையாக நிறுத்தியது அதுதான். 1998இல் ஹாசல்பிளாட் வெளியிட்ட எக்ஸ்பான் இன்று பழசாகவே சில லட்சம் கேட்கிறது. செல்போனில் பனோரமா என்று இருப்பதும் சர்க்யூட்டின் பேரன்தான். போனைத் திருப்பத் திருப்ப ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுத்து, முன்னதன் ஓரத்தில் அடுத்ததை ஒட்டிக்கொண்டே போகிறது. நம் ஊர் குழித்தறியில் ஊடை ஒவ்வோர் இழையாக அடிபட்டு, துணி படமரத்தில் சுருள்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பிசகும்போதுதான் தெரியும். தறியில் இழை விட்டால் நெசவாளி நிறுத்திக் கோத்துவிடுவார். போன் நிறுத்தாது. மலையுச்சிக் காற்றில் கை சற்று ஏறி இறங்கினால் ஒரு புகைபோக்கி இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும், படியில் ஏறுபவருக்கு மூன்று கால் இருக்கும்.

இதற்கெல்லாம் வெளியே, காசில்லாதவர்களின் ஒரு வழி இருக்கிறது. ஒரு தகர டப்பா. லென்ஸ் கிடையாது, ஊசித்துளைதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. மெழுகுவர்த்தி தலைகீழாக விழும் என்று படம் வரைந்து மார்க் வாங்கியது. பாடப்புத்தகம் வரைந்து காட்டிய பெட்டி சதுரமானது. வட்ட டப்பா செய்யும் வேலையை அது சொல்லவில்லை, அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சதுரப் பெட்டியில் துளைக்கு நேர் எதிரே விழும் வெளிச்சத்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 60 பாகை சாய்ந்து வரும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். சாய்வாகப் பார்க்கையில் வட்டத் துளை நீள்வட்டமாக ஒடுங்கிவிடுகிறது, அதில் பாதி போயிற்று. ஒளி போகவேண்டிய தூரம் இரட்டிப்பாகிறது, அதில் நாலில் ஒன்று. தாளில் சரிந்து விழுவதால் பரவி நீர்த்துப்போகிறது, அதில் மறுபடி பாதி. ஆகவே படத்தின் நடு வெளுத்திருக்கும், ஓரம் கரியாக இருக்கும். அகலமாக எடுக்கப் போனவனுக்கு அகலம்தான் கிடைக்காது.

இப்போது வட்ட டப்பா. துளை அதன் சுவரிலேயே இருக்கிறது. தாள் எதிர்ச்சுவரில் உட்புறமாக வளைந்து ஒட்டியிருக்கிறது. சாய்ந்து வரும் கதிர் இங்கே நீண்ட வழி போவதில்லை, குறுக்குவழி போகிறது. 60 பாகையில் பாதித் தூரம்தான். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. துளை ஒடுங்குவதில் பாதி, சரிந்து விழுவதில் பாதி, சேர்ந்தால் நாலில் ஒன்று. நாலு மடங்கும் நாலில் ஒன்றும் அடிபட்டு ஒன்று மிச்சமாகிறது. எந்தக் கோணத்துக்கும் இந்தக் கணக்கு இப்படியே தீரும். ஓரம் இருளாமல் இருக்க லென்ஸ் கம்பெனிகள் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி அடுக்கியும், நடுவைக் கறுப்பாக்கிய பில்டரைத் தனியாக விற்றும் செய்கிற காரியத்தை, பிஸ்கட் டின் தன் உருண்டை வயிற்றாலேயே செய்துவிடுகிறது.

வேறொன்றும் கூடவே கிடைக்கிறது. வட்டத்தின் பரிதியில் உண்டாகும் கோணம் மையக் கோணத்தில் பாதி என்று பள்ளிக் கணக்கில் வருமே, அதன்படி தாளில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரே அளவு வெளி விழுகிறது. விட்டம் 10 செ.மீ. உள்ள டப்பாவில் 10 அங்குலத் தாளைச் சுருட்டி வைத்தால் ஏறக்குறைய 145 பாகை. பெருந்துறையிலிருந்து மேற்கு வழியாக நொய்யலைத் தாண்டி, காங்கயம் பக்கம் ஓரளவு வரை ஒரே தாளில் வந்துவிடும். வாய்க்கால் பாய்கிற பக்கமும் பாயாத பக்கமும்.

விலை உயரத்தில் கொடுக்கவேண்டும். ஓரங்களில் கிடைமட்ட அளவு மாறாது, செங்குத்து அளவு சுருங்கும். 60 பாகையில் நிற்கும் பனை, நடுவில் நிற்கும் அதே அளவுப் பனையின் பாதி உயரம்தான் இருக்கும். டப்பா சற்றுச் சாய்ந்திருந்தால் தொடுவானம் மேடாகவோ பள்ளமாகவோ வளையும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து டப்பாவை நிறுத்துகிறவனைப் பார்த்துக் கோயிலுக்கு வந்தவர்கள் கொத்தனார் வேலை ஏதோ நடக்கிறது என்று ஒதுங்கிப் போவார்கள்.

துளையில்தான் எல்லா வேலையும். டப்பாவின் தகரத்திலேயே போடக்கூடாது. தகரத்தின் கனத்தில் துளை ஒரு சுரங்கம் ஆகிவிடும். நேரே வரும் ஒளி நுழையும், சாய்ந்து வருவது சுவரில் இடித்து நிற்கும். அப்புறம் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். கூல்டிரிங்ஸ் கேனை வெட்டி ஒரு சின்னச் சதுரம் எடுத்து, அட்டைமேல் வைத்து, தையல் ஊசியின் முனையால் துளைத்துவிடாமல் பருப்போல எழும்பும்வரை அழுத்த வேண்டும். திருப்பிப் போட்டு அந்தப் பருவை நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். மறுபடி அழுத்து, மறுபடி தேய். உலோகம் மெலிந்து மெலிந்து கடைசியில் ஊசிக்குக் காத்திராமல் தானே வாய்திறக்கும். அப்போது ஊசியை நிமிர்த்தி மெதுவாகச் சுற்றினால் ஓரத்துப் பிசிறு போய்விடும். 10 செ.மீ. டப்பாவுக்குத் துளை 0.45 மி.மீ. அளவில் இருக்கவேண்டும். அதைவிடப் பெரிதானால் படம் மங்கும். சிறிதானாலும் மங்கும், ஒளி துளையின் விளிம்பில் வளைந்து சிதறுவதால். அளப்பதற்கு ஜெராக்ஸ் கடை ஸ்கேனர் போதும். 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் துளையின் குறுக்கே 42 புள்ளி வரவேண்டும். கடைக்காரர் வெறும் அலுமினியத் துண்டை எதற்கு ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள் என்று யோசித்துவிட்டு ஒரு பக்கத்துக்கு உரிய காசை வாங்கிக்கொள்வார்.

கழுவுவது இதைவிட எளிது. இருட்டறைக்கு சாமி ரூமின் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. அது பழைய மங்கல் பல்பாக, நல்ல சிவப்பாக இருக்கவேண்டும். டெவலப்பருக்கு இன்ஸ்டன்ட் காபித்தூளும் வாஷிங் சோடாவும் வைட்டமின் சி பொடியும் கலந்தாலே ஆகும். சாயப்பட்டறைகள் உள்ள ஊரில் சோடாவுக்குப் பஞ்சமில்லை. அந்த நாற்றத்தை மட்டும் வீட்டில் உள்ளவர்கள் மன்னிக்கவேண்டும்.

இந்த வகைப் பார்வைக்கு வம்சாவளி பெரிது. 1620இல் ஹென்றி வாட்டன் என்ற ஆங்கிலத் தூதர் லின்ஸ் நகரில் கெப்ளரைப் பார்க்கப் போனார். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று சொன்ன அதே கெப்ளர். அவர் வீட்டில் ஒரு நிலக்காட்சி ஓவியத்தைக் கண்டு வியந்து எப்படி வரைந்தீர்கள் என்று கேட்க, கெப்ளர் ஒரு சின்னக் கறுப்புக் கூடாரத்தைப் பற்றிச் சொல்கிறார். ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். மேலே குழாயில் லென்ஸ். உள்ளே தாளில் வெளிக்காட்சி விழும், அதன்மேல் கோடு இழுக்கவேண்டியதுதான். ஒரு பக்கம் முடிந்ததும் கூடாரத்தையே கொஞ்சம் திருப்பிக்கொண்டு அடுத்த பக்கம். இப்படி ஒரு சுற்றுச் சுற்றினால் முழு வெளியும் வந்துவிடும். நான்கு நூற்றாண்டுக்கு முன் துணியாலும் கம்பாலும் செய்த பனோரமா கேமரா அது.

1859இல் தாமஸ் சட்டன் செய்தது இன்னும் எனக்குப் பிடித்தது. கண்ணாடி உருண்டைக்குள் தண்ணீரை ஊற்றி அதையே லென்ஸாக்கினார். உருண்டைக்கு எந்தப் பக்கமும் நேர்ப்பக்கம்தான். எனவே 120 பாகை வரை அது பார்த்தது. ஆனால் அப்படி விழும் பிம்பம் வளைவாக விழும். லென்ஸைத் திருத்தாமல் அவர் படத்தட்டை வளைத்தார். வளைந்த கண்ணாடித் தட்டு, அதில் ஈரம் காயுமுன் பூசி எடுக்கவேண்டிய கொலோடியன். யாரால் முடியும்? வியாபாரம் ஆகவில்லை. ஆனால் டப்பாவுக்குள் தாளைச் சுருட்டி வைப்பவர்கள் செய்வது சட்டன் செய்ததையேதான். பார்ப்பதை நிமிர்த்துவதைவிட, வாங்கிக்கொள்வதை வளைத்துவிடுவது சல்லிசு.

நம் பக்கத்து உதாரணம் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம், ராயக்கோட்டை என்று மாட்டுவண்டியில் இருட்டறையையும் ஏற்றிக்கொண்டு சுற்றியவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து 21 படங்களை ஒட்டி, 19 அடிக்குமேல் நீளும் ஒரே சுருளாக்கினார். கெப்ளரின் கூடாரம் நின்ற இடத்தில் திரும்பியது. ட்ரைப்பின் கேமரா சுவரோடு சேர்ந்து நகர்ந்தது. தமிழ்நாட்டில் எடுத்த அகலப் படங்களில் எனக்கு அதற்கு மேல் ஒன்று இல்லை. கோபுரத்தை ஒரே படத்தில் மிரட்டலாக எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அதையும்தான் எடுத்தார். ஆனால் கல்லில் எழுத்து எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரம் கூடவே ஓடவேண்டும் என்று தோன்றியதே, அது வேறு மனசு.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி வழி உண்டு. பிலிம் புரொஜக்டர்கள் போய் டிஜிட்டல் வந்தபோது தியேட்டர்களின் சினிமாஸ்கோப் லென்ஸ்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு எடைக்குப் போயின. பிலிமில் ஒடுக்கிப் பதிந்ததைத் திரையில் இரண்டு மடங்கு அகலமாக விரிப்பவை. அவற்றைக் கேமராவின் முன்னால் மாட்டினால் அகலத்தை ஒடுக்கி வாங்கும். பிறகு கம்ப்யூட்டரில் விரித்துக்கொள்ளலாம். மாட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டும், அவ்வளவுதான். லேத் பட்டறைக்காரரிடம் அளவு சொன்னால் கடைந்து கொடுத்துவிடுவார். ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை 1936இல் லண்டனில் தானே படம்பிடித்து வந்த ஜி.டி. நாயுடுவின் ஊர் அல்லவா. ஆனாலும் இரண்டு கிலோ பித்தளையைக் கேமராவின் மூக்கில் கட்டிக்கொண்டு 1320 படி ஏறுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கதவில் வைக்கும் மேஜிக் ஐயைச் செல்போனில் ஒட்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது எல்லாவற்றையும் உருண்டைக்குள் அடைத்து, நிலத்தைப் பந்தாக்கிவிடும். வேடிக்கைக்குச் சரி.

மலைமேல் டப்பாவில் எடுத்த படம் எப்படி இருக்கிறது? ஈரத்தாளில் நிதானமாகக் கறுக்கும்போது முதலில் தெரிவது வானம் இல்லாத வானம். போட்டோத்தாளுக்கு நீலம்தான் கண். மேகமும் வானமும் ஒன்றாகவே பதிந்து, பாசிட்டிவ் ஆக்கினால் ஒரே வெள்ளை. சிவப்பை அது பார்ப்பதே இல்லை, பச்சையைக் கொஞ்சமாகத்தான் பார்க்கும். ஆகவே தெற்குப் பக்கச் செம்மண்ணும் வடக்குப் பக்க வயலும் ஒரே கருமையாக விழுகின்றன. நூறு பாகைக்குமேல் விரித்து வைத்துக் காட்ட நினைத்த வித்தியாசம் நிறத்தில் காணவில்லை. வேறு இடத்தில் இருக்கிறது. வடக்கே தென்னை வரிசையும் வாழைத்தோப்புமாகக் கருமை அடர்ந்து கிடக்கிறது. தெற்கே வர வர கருமை சிதறி, கிளுவை வேலிகள் மட்டும் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்திருக்கின்றன, கட்டத்துக்கு ஒன்றிரண்டு வெள்வேல மரம் புள்ளியாக. பச்சை எங்கே முடிகிறது என்று வண்ணப்படம் காட்டியிருக்கும். வேலி எங்கே தொடங்குகிறது என்று இந்தத் தாள் காட்டுகிறது. தண்ணீர் உள்ளவன் வரப்பு போட்டான், இல்லாதவன் மாட்டுக்கு வேலி போட்டான் என்பதைப் பார்க்க இதுதான் எனக்கு வசதியாக இருக்கிறது.

ஆனால் டப்பாவைச் சமத்துவவாதி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடு ஓரம் பார்க்காது, கிட்டே தூரம் பார்க்காது, காலடி முள்ளும் தொடுவானமும் அதற்கு ஒரே மங்கல்தான், அதுவரை சரி. ஆனால் படம் விழ உச்சிவெயிலிலும் அதற்கு அரை நிமிஷம் வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் நடக்கிறவர்கள் எல்லோரும் அழிந்துபோகிறார்கள். சுவாமி அபிஷேகத்துக்குத் தினமும் தண்ணீர் சுமந்து படியேறும் காளை அழிகிறது, அதை ஓட்டி வருகிறவர் அழிகிறார், காவடி அழிகிறது. காற்றாலையின் இறக்கை போய்க் கம்பம் மட்டும் நிற்கிறது. புகைபோக்கி இருக்கும், அணையின் கரை இருக்கும், செல்போன் டவர் இருக்கும். ஆட்களில் யார் மிஞ்சுகிறார்கள் என்றால், வியாபாரம் இல்லாமல் அசையாது உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா. ஓடியாடி வேலை செய்கிறவர்களை விட்டுவிட்டு நிலைத்து நிற்கிறவற்றை மட்டும் எழுதிவைக்கும் பழக்கம் வேறு பல ஆவணங்களுக்கும் உண்டு, டப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

மலிவு என்ற பேச்சில் தாளை மறந்துவிடக்கூடாது. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைத் தாளும் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. ஸ்டூடியோக்காரர்கள் மீந்த தாளைத் தூக்கிக் கொடுத்த காலம் அது. கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, இந்து நகர் ஆலை நின்றுபோனது. இன்று போட்டோத்தாள் கடல் கடந்து வருகிறது. டப்பா இனாம், துளை இனாம், கேமராவின் மொத்த விலையைவிட ஒரு தாளின் விலை அதிகம். அதனால்தான் சிலர் எக்ஸ்ரே பிலிமுக்கு மாறியிருக்கிறார்கள். மருத்துவத்துக்கு மொத்தமாக ஓடுகிற சரக்கு, சதுர அங்குலக் கணக்கில் சல்லிசு.

தாளும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம் என்று ஒருநாள் கிடைத்தது. 2019 டிசம்பர் 26 காலை. அன்றைய வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கோவை, ஈரோடு வழியாகப் போனது, சென்னிமலையும் அதற்குள். ஒன்பதரை மணியளவில் சில நிமிஷம் சூரியன் வளையமாக நின்றபோது, புளியமரத்தடி முழுக்க ஒளி வளையல்கள். இலைக்கும் இலைக்கும் நடுவே உள்ள இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை. இடுக்கு முக்கோணமோ கோணலோ, விழுவது என்னவோ வட்ட வளையம்தான். அமாவாசை, கிரகணம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் பலர். அவர்கள் வீட்டு ஓட்டுச் சந்து வழியாக அவர்கள் வீட்டுச் சுவரிலும் வளையம் விழுந்திருக்கும்.

சூரியனையே எழுதவைக்கும் முறை ஒன்று உண்டு. போட்டோத்தாளை டப்பாவில் வைத்து மாதக்கணக்கில் வெளியே கட்டிவிடுவது. கழுவவே வேண்டாம், வெயிலே தாளைப் பழுப்பாக்கிவிடும். சூரியன் ஒவ்வொரு நாள் போன பாதையும் ஒரு வில்லாகப் பதியும். இங்கிலாந்தில் ஹெர்ட்பர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்பர்க் என்ற மாணவி 2012இல் ஒரு பீர் கேனைக் கட்டிவிட்டு மறந்துபோக, அது 2020இல்தான் கண்ணில் பட்டது. எட்டு வருஷத்தின் 2953 வில்கள் அந்தத் தாளில் இருந்தன. இந்தப் படங்களுக்கான குறிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: டப்பாவைத் தெற்குப் பார்த்துக் கட்டு.

அது அவர்களுக்குச் சரி. சென்னிமலை இருப்பது 11 பாகை அட்சரேகையில். ஏப்ரல் 19, 20 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வருகிறது. பிறகு வடக்கே போய்விடுகிறது. ஜூனில் உச்சிக்கு வடக்கே 12 பாகை. ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்துதான் தெற்கே இறங்குகிறது. தெற்குப் பார்த்த டப்பா மார்கழியை எழுதும், கத்திரி வெயிலை எழுதாது. இங்கே டப்பாவைப் படுக்கவைக்க வேண்டும்: துளை மேலே பார்க்க, டப்பாவின் நீளம் வடக்குத் தெற்காக, வடக்கு நுனியை 11 பாகை தூக்கி, துருவ நட்சத்திரத்தை நோக்கி. அப்படி வைத்தால் வருஷத்தின் சூரியன் முழுக்கத் தாளின் அகலத்துக்குள் அடங்கும். ஆனால் நிலம் வராது. தொடுவானம் துளையின் பார்வைக்கு வெளியே போய்விடும். சமவெளியும் சித்திரைச் சூரியனும் ஒரே டப்பாவில் வேண்டும் என்றால் நம் ஊரில் அது நடக்காது, லண்டனில் நடக்கும். நான் நிலத்துக்கு ஒன்று, சூரியனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டேன்.

சூரியனுக்கு உரியதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மாடியில் சேலை உலர்த்த வந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, சிசிடிவிங்களா?"

"கேமராதானுங்க அக்கா."

"மேல பாத்து வெச்சிருக்கறீங்க. யாரப் புடிக்க?"

"சூரியனப் புடிக்கறதுக்குங்க."

"அது எங்கீங்க போயிருது, தெனமும் அங்கயேதான வருது?"

"இல்லீங்க அக்கா. சித்திரையில வடக்க தாண்டுனா ஆவணியிலதானுங்க திரும்புது."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த சேலையை வடக்குப் பக்கக் கொடிக்கு மாற்றிப் போட்டார்.